கரையேறும் மாலுமிக்கு: ஜெபல் அலியில் விருந்தும் விருந்தினர் முறையும்

ஜெபல் அலியில் இறங்கும் மாலுமியை எதிர்கொண்டு அழைக்கக் கரையில் யாரும் நிற்பதில்லை. துபாய் நகரின் பழைய பகுதியிலிருந்து தென்மேற்கே சுமார் 35 கிலோமீட்டர் தள்ளி, பாலைக்கரையை வெட்டி உண்டாக்கிய துறைமுகம் அது. 1979 பிப்ரவரியில் பிரிட்டிஷ் அரசி இரண்டாம் எலிசபெத் அதைத் திறந்துவைத்தார். மனிதர் வெட்டிய துறைமுகங்களில் உலகிலேயே பெரியது என்ற பெயர் அதற்கு உண்டு. 1985இல் அதை ஒட்டிச் சுதந்திர வர்த்தக மண்டலமும் வந்தது. கேங்வேயில் நின்று பார்த்தால் கிரேன், கண்டெய்னர் அடுக்கு, வேலி. அதற்கப்பால் ஊர் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. ஆனால் அந்த வேலிக்கு வெளியே சற்றுத் தொலைவில், வந்தவர் யார் எந்த ஊர் என்று கேட்காமல் இலவசமாகச் சோறு போடும் கூடம் இருக்கிறது. இன்னும் கொஞ்சம் தள்ளிப்போனால், பேரீச்சம்பழமும் காப்பியும் வைக்காமல் பேச்சைத் தொடங்காத வீடுகளும் அலுவலகங்களும் இருக்கின்றன.

கடலோடியை ஏற்றுக்கொள்வதில் ஒவ்வொரு கரைக்கும் ஒரு முறை உண்டு. அதைப் பசிபிக் தீவுகளில் தெளிவாகப் பார்க்கலாம். ஃபிஜியின் வெளித்தீவுகளுக்குப் பாய்மரப் படகில் போவோர் முதலில் அரசின் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். நங்கூரம் போட்டதும் குளிக்கவோ மீன் பிடிக்கவோ இறங்கிவிடக் கூடாது. சுமார் அரைக் கிலோ காய்ந்த யங்கோனா வேரைக் கட்டாக எடுத்துக்கொண்டு ஊர்த் தலைவரிடம் போக வேண்டும். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் கழற்றி, தோளும் முழங்காலும் மூடிய உடையில், சம்மணமிட்டு உட்கார்ந்து, வேரை அவர் முன் வைத்து ஊருக்குள் வர அனுமதி கேட்க வேண்டும். செவுசெவு எனப்படும் இந்தச் சடங்கு முடிந்து, தலைவர் வேரை ஏற்றுக்கொண்டால், வந்தவர் அந்த ஊரின் பொறுப்பு. 1903 முதல் சென்னையிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய தென்னிந்தியர்களின் வழிவந்தோர் வாழும் நாந்தி நகரச் சந்தையிலேயே அந்த வேர் கிடைக்கும்.

ஜெபல் அலியில் ஊர்த் தலைவர் இல்லை, வேர்க்கட்டும் இல்லை. ஆனால் வந்ததைத் தெரிவிப்பது, அனுமதி பெறுவது, கொடுத்ததை ஏற்பது, நேரமறிந்து எழுந்திருப்பது என்ற அந்த வரிசை இங்கேயும் அப்படியே இருக்கிறது. தலைவரின் இடத்தில் குடியேற்ற அதிகாரியும் கப்பல் ஏஜென்டும் இருக்கிறார்கள். சொந்தப் பாய்மரப் படகில் வருவோர் இங்கே மிகக் குறைவு. இந்தியப் பெருங்கடலைக் கடந்து செங்கடலை நோக்கிப் போகும் படகுகளும் ஓமானின் சலாலா பக்கமாகவே போய்விடும். வடமேற்கிலிருந்து அடிக்கும் ஷமால் காற்றை எதிர்த்து வளைகுடாவுக்குள் நுழைவதில் யாருக்கும் ஆசை இருப்பதில்லை. எனவே இங்கே சொல்லப்படுபவை முதன்மையாகச் சரக்குக் கப்பல் மாலுமிக்கானவை. படகில் வருவோருக்கும் இறங்கிய பிறகு வேறுபாடு அதிகமில்லை.

வாசலைத் தாண்டுதல்

2004 ஜூலை 1 முதல் உலகெங்கும் நடைமுறைக்கு வந்த கப்பல், துறைமுகப் பாதுகாப்பு விதித்தொகுப்பு மாலுமியின் கரையிறங்கும் வாழ்க்கையையே மாற்றிவிட்டது. அதற்கு முன் பல துறைமுகங்களில் கேங்வேயை விட்டு இறங்கி நடந்தே ஊருக்குள் போய்விடலாம். இப்போது கரையிறங்கும் அனுமதியான ஷோர் பாஸ் இல்லாமல் வாசலைத் தாண்ட முடியாது. கப்பல் வந்து சேர்வதற்கு முன்பே, கேப்டன் மூலம் ஏஜென்டிடம் பெயரைக் கொடுத்துவிடுவது நல்லது; பெர்த்தில் கட்டிய பிறகு கேட்டால் பாஸ் வருவதற்குள் கப்பல் கிளம்பிவிடலாம். கண்டெய்னர் கப்பல் ஒரு நாளுக்கு மேல் நிற்பது அரிது. பாஸ்போர்ட், மாலுமியின் பணிச் சான்றேடான சிடிசி இரண்டில் எது கையில் இருக்க வேண்டும், எது கப்பலிலேயே இருக்க வேண்டும் என்பதை ஏஜென்டிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, வேலைக்கு இடைஞ்சல் இல்லாதபோது மாலுமிக்குக் கரையிறங்க விடுப்பு தரச் சொல்கிறது. இந்தியா 2015இல் அதை ஏற்றது. உரிமை இருக்கிறது என்பதற்காகக் குடியேற்ற அதிகாரியிடம் வாதாடுவதில் பயனில்லை. கேட்க வேண்டிய இடம் கப்பலின் கேப்டன்தான்.

டெர்மினலுக்குள் நடந்து போவது கூடாது. அதற்கென ஓடும் வாகனத்தில்தான் வாசல்வரை போக வேண்டும். துறைமுகத்துக்குள் படம் எடுப்பது ஆபத்தான விளையாட்டு. கைபேசி பையிலேயே இருக்கட்டும்.

விருந்துக்குப் போகிறவர் வெறுங்கையோடு போக மனம் வராமல் கப்பலிலிருந்து எதையாவது எடுத்துக்கொண்டு இறங்குவது வழக்கம். அதில் கவனம் தேவை. கப்பலின் சரக்கறைப் பொருளைக் கரைக்குக் கொண்டுபோவது சுங்கச் சிக்கல். சமையற்கட்டில் சாதாரணமாகக் கிடக்கும் கசகசா, ஐக்கிய அரபு அமீரகத்தில் தடைசெய்யப்பட்ட பொருள். குருமாவுக்கு அரைக்க வைத்த சின்னப் பொட்டலம்கூட வழக்காகிவிடும். கோடீன், டிரமடால் கலந்த வலி மாத்திரைகளுக்கும் கடுமையான கட்டுப்பாடு உண்டு. ஊரிலிருந்து கொண்டுவந்த முறுக்கோ கடலை மிட்டாயோ எடுத்துப்போனால் போதும்.

கப்பலுக்கே வரும் விருந்தோம்பிகள்

கரையிறங்க நேரம் வாய்க்காதவரைத் தேடிக் கப்பலுக்கே வருவோரும் உண்டு. 1856இல் இங்கிலாந்தில் தொடங்கிய மிஷன் டு சீஃபேரர்ஸ் அமைப்பும், 1920இல் கிளாஸ்கோவில் தொடங்கிய கத்தோலிக்கக் கடலோடிகள் அமைப்பான ஸ்டெல்லா மாரிஸும் உலகத் துறைமுகங்கள் பலவற்றில் கப்பல்களுக்குள் வந்து மாலுமிகளைச் சந்திக்கின்றன. முதலாவதன் அடையாளம் பறக்கும் தேவதை. மதம் மாற்ற வருகிறார்கள் என்று ஒதுங்க வேண்டியதில்லை. சிம் கார்டு எங்கே வாங்குவது, வீட்டுக்கு எப்படிப் பணம் அனுப்புவது, ஊருக்குள் போக வண்டி கிடைக்குமா என்பது போன்ற கேள்விகளுக்கு அவர்களைப் போலப் பதில் சொல்லக்கூடியவர் வேறில்லை. அமீரகத்தின் கிழக்குக் கரையான ஃபுஜைராவில், கரைக்கே வராமல் நங்கூரத்தில் காத்துக்கிடக்கும் கப்பல்களுக்காக இந்த மிஷன் 2007இல் ஒரு படகையே இறக்கியது. நூலகமும் தொலைபேசியும் இணையமும் கொண்ட அந்தப் படகின் பெயரும் பறக்கும் தேவதைதான்.

வருகிறவர்களை மெஸ் அறையில் உட்காரவைத்து டீ கொடுப்பதுதான் மரியாதை. அவர்கள் பெயர் கேங்வே பதிவேட்டில் ஏற வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

இத்தகையோரின் அருமை, கப்பல் கைவிடப்படும்போது தெரியும். 2021 ஜனவரியில் அமீரகத்தின் உம் அல் குவைன் கடற்கரையில் தரைதட்டி ஒதுங்கிய ‘எம்டி இபா’ என்ற எண்ணெய்க் கப்பலில், சம்பளம் வராமல் ஆண்டுக்கணக்கில் சிக்கியிருந்த ஐந்து மாலுமிகள் இருந்தார்கள். இந்தியர்களும் அவர்களில் உண்டு. அவர்களுடைய நிலுவையைப் பேசித் தீர்க்கவும் ஊருக்கு அனுப்பவும் துணைநின்றவர்களில் இந்த மிஷன் முக்கியமானது. அந்த நிலைக்கு வரும் முன்பே, சம்பளம் தவறத் தொடங்கிய மாதத்திலேயே பேசிவிடுவது புத்திசாலித்தனம். சீஃபேரர்ஹெல்ப் என்ற இலவசத் தொலைபேசி உதவி நாள் முழுவதும் பல மொழிகளில் இயங்குகிறது.

பந்தியில் உட்காருதல்

நான்கைந்து மணி நேரம் மட்டும் கையில் இருக்கும் மாலுமிக்கு, துபாய் மால்களைவிட ஜெபல் அலியின் வழிபாட்டுத் தலப் பகுதியே சிறந்தது. துறைமுகத்திலிருந்து டாக்சியில் எளிதில் போய்விடலாம். 2001இல் திறக்கப்பட்ட அசிசி நகர் புனித பிரான்சிஸ் கத்தோலிக்க ஆலயம், வேறு சில கிறிஸ்தவ ஆலயங்கள், 2012 ஜனவரியில் திறக்கப்பட்ட குருநானக் தர்பார் குருத்வாரா, 2022 அக்டோபரில் தசராவுக்கு முந்தைய நாள் திறக்கப்பட்ட இந்துக் கோவில் ஆகியவை அருகருகே இருக்கின்றன. 1958 முதல் பர் துபாயின் சந்துக்குள் இயங்கிய சிவன் கோவிலும் 2024 தொடக்கத்தில் இங்கே இடம் மாறிவிட்டது. பழைய மாலுமிகள் சொல்லும் பர் துபாய் அடையாளங்களை நம்பிச் சிவனைத் தேடிப் போனால் ஏமாற்றமே மிஞ்சும்.

புதிய கோவிலில் 16 தெய்வங்களின் சன்னிதிகள் உள்ளன. ஐயப்பனும் குருவாயூரப்பனும் இருக்கிறார்கள்; சீக்கியரின் புனித நூலான குரு கிரந்த் சாகிப்புக்கும் தனி அறை உண்டு. சன்னிதிக் கூடத்தில் படம் எடுக்கக் கூடாது. அரைக்கால் சட்டையோடு போகாமல் இருப்பது நல்லது.

சோற்றுக்குப் போக வேண்டிய இடம் குருத்வாரா. அங்கே நடக்கும் இலவசப் பந்தியான லங்கரில் சீக்கியரா, இந்தியரா, கப்பற்காரரா என்று யாரும் விசாரிப்பதில்லை. 2017 ஏப்ரலில் 101 நாட்டுக்காரர்களை ஒரே நேரத்தில் காலை உணவுக்கு உட்காரவைத்துக் கின்னஸ் சாதனை செய்த இடம் இது. மாலுமிகளுக்கு அதில் வியப்பொன்றும் இருக்காது. கப்பல் மெஸ்ஸிலேயே அஞ்சாறு நாட்டுக்காரர்கள் ஒரு மேசையில் சாப்பிடுகிறார்கள்.

முறை எளிது. வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, கைகழுவி, தலையை மூட வேண்டும். துணி இல்லாதவருக்கு அங்கேயே கிடைக்கும். தொப்பியைவிடத் துணியே சரி. சிகரெட், புகையிலை, ஹான்ஸ் பொட்டலம் எதுவும் பையில்கூட இருக்கக் கூடாது. குடித்துவிட்டுப் போகவே கூடாது. மேல்தளப் பிரார்த்தனைக் கூடத்தில் குரு கிரந்த் சாகிப்பின் முன் வணங்கி, கால் நீட்டாமல் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு இறங்குவது வழக்கம். வழிபாட்டில் நாட்டமில்லாதவர் நேரே சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனாலும் தடுப்பவரில்லை; ஆனால் வீட்டுக்காரரைப் பார்க்காமல் அடுப்படிக்குப் போவதைப் போன்றது அது. பந்தியில் தட்டுடன் உட்கார்ந்ததும் ரொட்டி, பருப்பு, காய், பாயசம் வரும். எல்லாம் சைவம். ரொட்டியை இரண்டு கைகளையும் ஏந்தி வாங்க வேண்டும். கேட்டால் எத்தனை முறையும் போடுவார்கள், ஆனால் தட்டில் மிச்சம் வைப்பது அவமரியாதை. சாப்பிட்டபின் நேரமிருந்தால் பாத்திரம் கழுவும் இடத்துக்கோ ரொட்டி உருட்டும் இடத்துக்கோ போய் அரைமணி நேரம் கைகொடுக்கலாம். அந்தக் கூடத்தை நடத்துவதே இத்தகைய சேவைதான். கப்பல் சமையற்காரருக்கு அங்கே தனி மதிப்பு உண்டு.

ஒரு மாற்றத்தைக் குறிப்பிட வேண்டும். அமீரகத்தின் வார விடுமுறை 2022 ஜனவரி முதல் சனி, ஞாயிறாக மாறிவிட்டது. வெள்ளிக்கிழமைதான் கூட்டம் என்று பழைய கையேடுகள் சொல்வதை இனி நம்ப முடியாது.

இப்னு பதூதாவின் பெயரில்

இந்தப் பகுதிக்கு அருகிலுள்ள மெட்ரோ நிலையங்களில் ஒன்றும், 2005இல் திறந்த பெரிய மால் ஒன்றும் இப்னு பதூதாவின் பெயரைத் தாங்கியிருக்கின்றன. மாலுமிகள் அங்கே கைபேசி வாங்கப் போகிறார்கள்; பெயருக்கு உரியவர் தமிழ்க் கரையில் விருந்தாளியாக இருந்ததைப் பலர் அறிவதில்லை. 1344இல் மாலத்தீவிலிருந்து கிளம்பிய மொராக்கோ நாட்டுப் பயணி, காற்றின் போக்கில் இலங்கையின் புத்தளக் கரையில் ஒதுங்கினார். அங்கே யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி அவரை அழைத்துப் பேசினார். பாரசீகம் புரிந்துகொள்ளக்கூடியவர் அவர் என்று பயணி எழுதிவைத்திருக்கிறார். முத்துகள் கொடுத்ததோடு, சிவனொளிபாத மலைக்குப் போக ஆசைப்பட்டவருக்குப் பல்லக்கும் துணையாட்களும் சேர்த்து அனுப்பினார். திரும்பும் வழியில் சோழமண்டலக் கரையருகே கப்பல் உடைந்தது. மதுரை சுல்தான் கியாசுத்தீன் அவரை ஏற்றுக்கொண்டார். அந்தச் சுல்தானின் கொடுமைகளையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார் என்பது வேறு விஷயம். விருந்துண்டவர் விருந்தளித்தவரைப் பற்றி எல்லாம் எழுதிவைத்த பழைய எடுத்துக்காட்டு அது.

அரபு வீட்டில் காப்பி

சாதாரண மாலுமிக்கு எமிராத்தி வீட்டுக்குள் அழைப்பு வருவது அரிது. கேப்டனுக்கும் சீஃப் இன்ஜினியருக்கும் ஏஜென்ட் அலுவலகங்களிலும் கப்பல் பொருள் வணிகர்களிடமும் வாய்ப்பு அதிகம். மற்றவர்களுக்கு நம்பகமான வழி, 1998 முதல் பழைய அல் ஃபாஹிதி குடியிருப்பில் இயங்கும் ஷேக் முகமது பண்பாட்டுப் புரிந்துணர்வு மையம். அங்கே முன்பதிவு செய்து கட்டணம் கட்டினால், எமிராத்திகளோடு தரையில் உட்கார்ந்து சாப்பிட்டு, மனதில் பட்ட கேள்வியையெல்லாம் கேட்கலாம். பணம் கட்டிச் சாப்பிடுவது விருந்தாகுமா என்பது நியாயமான ஐயம். ஆனால் முறையைக் கற்றுக்கொள்ள அதைவிடப் பொறுமையான இடம் கிடையாது. ஜெபல் அலியிலிருந்து மெட்ரோவில் போக ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் ஒதுக்க வேண்டும்.

விருந்தினரை உட்காரவைக்கும் கூடம் மஜ்லிஸ். அதையும் அரபுக் காப்பியையும் அமீரகம், சவூதி, ஓமான், கத்தார் ஆகிய நாடுகளின் பொதுவான மரபுச் செல்வங்களாக 2015இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தது. நுழையும்போது செருப்பு வெளியே. அஸ்ஸலாமு அலைக்கும் என்று சொல்லிவிட்டு, வலப்பக்கத்திலிருந்து தொடங்கி ஒவ்வொருவருக்கும் கைகொடுக்கலாம். ஆண்கள் ஒருவருக்கொருவர் மூக்கோடு மூக்கை உரசிக்கொள்வதைப் பார்த்தால் திகைக்க வேண்டாம். அந்நியர் அதைச் செய்யத் தேவையில்லை. பெண்கள் இருந்தால் அவர்களாகக் கை நீட்டும்வரை நெஞ்சில் கை வைத்து வணங்குவது பாதுகாப்பு. உட்கார்ந்தபின் உள்ளங்கால் யாரையும் நோக்கியிருக்கக் கூடாது.

காப்பி வெளிர் மஞ்சளாக இருக்கும். லேசாக வறுத்த கொட்டையில் ஏலக்காயும் சில வீடுகளில் குங்குமப்பூவும் சேர்த்துக் கொதிக்கவைப்பார்கள். சர்க்கரையும் பாலும் கிடையாது. கசப்புக்குத் துணையாகப் பேரீச்சம்பழம். பரிமாறுகிறவர் தல்லா என்னும் கெண்டியை இடக்கையில் பிடித்துக்கொண்டு வலக்கையால் கைப்பிடியில்லாத சிறு கிண்ணத்தை நீட்டுவார். வலக்கையால்தான் வாங்க வேண்டும். கிண்ணத்தில் கால்பங்குதான் ஊற்றியிருக்கும். தமிழ் வீட்டில் டம்ளரை நிரப்பாமல் கொடுத்தால் கஞ்சத்தனம் என்று பேச்சு வரும். இங்கே நிரப்பிக் கொடுத்தால்தான் ‘குடித்துவிட்டுக் கிளம்பு’ என்று பொருள். கொஞ்சமாக ஊற்றி, மறுபடி மறுபடி வந்து ஊற்றுவதுதான் உபசரிப்பு.

முதல் கிண்ணத்தை வேண்டாமென்பது வீட்டுக்காரரையே மறுப்பது போலாகும். காப்பி பழக்கமில்லாதவரும் ஒரு வாய் அருந்திவிட வேண்டும். ஒன்றிலிருந்து மூன்று கிண்ணம்வரை வழக்கம். அதற்குமேல் போவது பேராசை. போதும் என்று வாயால் சொல்லத் தேவையில்லை. வெறுங்கிண்ணத்தை வலக்கையில் பிடித்து லேசாக இப்படியும் அப்படியும் ஆட்டித் திருப்பிக் கொடுத்தால் பரிமாறுகிறவர் புரிந்துகொள்வார். ஆட்டாமல் கொடுத்தால் அவர் நிற்காமல் ஊற்றுவார். புதிதாக வந்த மாலுமி ஐந்தாறு கிண்ணம் குடித்துத் தவிப்பது இந்த ஒரு சைகை தெரியாததால்தான்.

சாப்பாடு பெரிய தாம்பாளத்தில் வரும். பலர் சுற்றி உட்கார்ந்து ஒரே தாம்பாளத்தில் சாப்பிடுவார்கள். கையால் சாப்பிடத் தெரிந்த தமிழருக்கு இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆனால் தன் முன்னால் இருக்கும் பகுதியிலிருந்து மட்டும் எடுக்க வேண்டும். நல்ல இறைச்சித் துண்டை வீட்டுக்காரரே பிய்த்து விருந்தினர் பக்கம் வைப்பார். அதைத் திருப்பித் தள்ளக் கூடாது. சோறும் இறைச்சியும் சேர்ந்த மச்பூஸ், கோதுமையும் இறைச்சியும் குழைய வெந்த ஹரீஸ், பேரீச்சம்பாகு ஊற்றிய லுகைமாத் உருண்டைகள் ஆகியவை பொதுவாக வரும். சைவம் சாப்பிடுவோர் அதை அழைப்பு வந்த அன்றே சொல்லிவிட வேண்டும். தாம்பாளத்தின் முன் உட்கார்ந்தபின் சொல்வது வீட்டாருக்குச் சங்கடம்.

பேச்சில் இரண்டு எச்சரிக்கை. வீட்டுப் பெண்களைப் பற்றி நலம் விசாரிக்க வேண்டாம். குடும்பம் நலமா என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். சுவரில் தொங்கும் பொருளையோ கைக்கடிகாரத்தையோ மிகையாகப் புகழக் கூடாது. புகழ்ந்த பொருளைக் கொடுத்துவிட வேண்டிய கட்டாயம் தனக்கு வந்துவிட்டதாக வீட்டுக்காரர் நினைக்கக்கூடும்.

கடைசியில் பகூர் புகை வரும். அகில் கட்டை புகையும் தூபக்காலை ஒவ்வொருவர் முன்னும் நீட்டுவார்கள். சட்டைக்கும் தாடிக்கும் புகையைக் கையால் இழுத்துக்கொண்டு அடுத்தவரிடம் நகர்த்த வேண்டும். புகை சுற்றிவந்துவிட்டால் உட்கார்ந்திருக்கும் நேரம் முடிந்தது என்பது வளைகுடா வழக்கம். யாரும் போகச் சொல்ல மாட்டார்கள், விருந்தினர்தான் எழுந்துகொள்ள வேண்டும்.

ரமலானில் இறங்குவோர்

நோன்பு மாதத்தில் பகலில் தெருவில் தின்பதும் குடிப்பதும் புகைப்பதும் கூடாது என்று வைத்துக்கொள்வதே நல்லது, உணவகங்கள் திறந்திருந்தாலும். மாலையில் நிலைமை தலைகீழ். பள்ளிவாசல்களை ஒட்டிய கூடாரங்களிலும் ஜெபல் அலியின் தொழிலாளர் குடியிருப்புகளிலும் நோன்பு திறக்கும் இலவச இஃப்தார் நடக்கும். முஸ்லிம் அல்லாதவர் வரிசையில் உட்கார்ந்தாலும் பழம், தண்ணீர், பிரியாணிப் பொட்டலம் கைக்கு வந்துவிடும். மாலைத் தொழுகைக்கான மக்ரிப் பாங்கு ஒலிக்கும்வரை பொட்டலத்தைத் திறக்காமல் காத்திருப்பது ஒன்றே நிபந்தனை. பழைய துபாயின் தேரா பக்கம் போக நேரமுள்ளவருக்கு, தமிழ் முஸ்லிம்கள் ஊர் முறையில் காய்ச்சி ஊற்றும் நோன்புக் கஞ்சி கிடைக்கும். மூன்று மாதம் கடலில் இருந்த வயிற்றுக்கு அதற்கு இணையான உணவு வேறில்லை.

தமிழர் அறையில்

உறவினரோ ஊர்க்காரரோ துபாயில் இல்லாத தமிழ் மாலுமி குறைவு. அவர்களில் பலர் தனி வீட்டில் இல்லை. ஓர் அறையில் பலர் கட்டிலைப் பங்கிட்டுக்கொள்ளும் பெட்ஸ்பேஸில் இருப்பவர்கள். மாமாவோ மச்சானோ வற்புறுத்தி அழைத்தாலும், வேலை நாளில் அறைக்குப் போனால் இரவு வேலை முடிந்து தூங்குபவரின் உறக்கம் கெடும். கராமாவிலோ பர் துபாயிலோ ஓர் உணவகத்தில் சந்திப்பது இருவருக்கும் வசதி. பில்லை அழைத்தவரே கட்டுவார். தடுக்க வேண்டாம், அடுத்த முறை கப்பல் வரும்போது திருப்பிச் செய்துகொள்ளலாம். விடுமுறை நாளில் அறைக்கே போய்விட்டால் சமையலில் கைகொடுப்பது எழுதப்படாத விதி. இரவு தங்கச் சொல்வார்கள். தங்கக் கூடாது: ஷோர் பாஸில் குறித்த நேரம் கடந்தால் மாட்டிக்கொள்வது கப்பல் மட்டுமல்ல, அழைத்தவரும்தான்.

கைம்மாறு

எமிராத்தி வீட்டில் பணம் கொடுக்க முயல்வது பெருந்தவறு. குழந்தைகளுக்கு இனிப்பு கொடுக்கலாம். மது கலந்த சாக்லேட்டும் பன்றிக் கொழுப்பு சேர்ந்த தின்பண்டமும் இல்லையென்று உறையைப் படித்து உறுதி செய்ய வேண்டும். குருத்வாராவில் உண்டியல் உண்டு, யாரும் கேட்கமாட்டார்கள். பதிலுக்குக் கப்பலைக் காட்டுகிறேன் என்று கரையில் பழகியவரை அழைத்துவிட வேண்டாம். கேப்டனின் ஒப்புதலும் துறைமுக அனுமதியும் இல்லாமல் யாரும் வாசலைத் தாண்ட முடியாது, வாசலில் திருப்பி அனுப்பப்படும் விருந்தினருக்கு அதைவிட அவமானம் இல்லை. கப்பல் கிளம்பியதும் தொடர்பு எல்லைக்குள் இருக்கும்போதே வாட்ஸ்அப்பில் நன்றி சொல்லி, அடுத்த துறைமுகத்தின் பெயரையும் தெரிவித்துவிடுவது போதுமானது.